வைரஸே தயாரிக்கும் நஞ்சு

அக்கி வந்து துன்பப்படுபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடுப்பைச் சுற்றியோ முகத்தின் ஒரு பக்கத்திலோ கொப்புளங்கள் கிளம்பும், எரிச்சல் தாங்காது. சிறு வயதில் சின்னம்மையை உண்டாக்கிய வைரஸே நரம்புகளில் ஒளிந்திருந்து, பல ஆண்டுகள் கழித்து அக்கியாக வெளிப்படுகிறது. இதற்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மருந்துகளில் ஒன்று அசைக்ளோவிர். அது பிறந்த கதை சுவையானது.

பாக்டீரியாவைக் கொல்லும் பெனிசிலின் 1940களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. வைரஸை மட்டும் ஏன் தொட முடியவில்லை? பாக்டீரியா தனித்து வாழும் உயிர். அதற்கெனச் செல்சுவர் உண்டு. அதைத் தாக்கினால் போதும். வைரஸோ நமது செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள கருவிகளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அக்கருவிகளைக் கெடுத்தால் நமது செல்லும் சாகும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்! எனவே தீங்கற்ற வைரஸ் மருந்து கிடைக்காது என்றே அறிஞர் பலர் எண்ணினர்.

கெர்ட்ரூட் எலியன் 1918இல் நியூயார்க்கில் பிறந்தவர். பதினைந்தாம் வயதில், தாத்தா புற்றுநோயால் இறந்ததைக் கண்டு வேதியியல் படிக்க முடிவு செய்தார். 1937இல் பட்டம் பெற்றார். ஆனால் ஆய்வுக்கூட வேலை கிடைக்கவில்லை. பெண் இருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்று ஓரிடத்தில் காரணம் சொன்னார்களாம்! பள்ளியில் பாடம் நடத்தினார். உணவு நிறுவனம் ஒன்றில் ஊறுகாயின் புளிப்பைச் சோதித்தார். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் சென்ற பிறகே கதவு திறந்தது. 1944இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸிடம் உதவியாளராகச் சேர்ந்தார்.

செல் பெருகும்போதெல்லாம் டி.என்.ஏ.வைப் புதிதாகக் கட்ட வேண்டும். அக்கட்டடத்தின் செங்கல்லைப் போலவே தோன்றும் போலிச் செங்கல்லைக் கலந்துவிட்டால் வேலை நின்றுவிடும் அல்லவா? இவ்வழியில் இருவரும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கண்டனர். 1948இல் டைஅமினோபியூரின் என்ற போலிப் பொருள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வைரஸையும் அடக்கியது. ஆனால் அது உடலுக்கும் நஞ்சாக இருந்தது. எலியன் அதை ஒதுக்கிவைத்தார், மறக்கவில்லை.

இருபது ஆண்டுகள் ஓடின. 1968இல், அதையொத்த வேறொரு பொருள் வைரஸைத் தடுப்பதாகச் செய்தி வந்தது. எலியன் குழுவினர் பழைய டைஅமினோபியூரினுடன் புதிய சர்க்கரைப் பகுதியை இணைத்து, இங்கிலாந்திலிருந்த ஜான் பாவருக்குச் சோதனைக்காக அனுப்பினர். ஹெர்ப்பிஸ் வைரஸை அது நன்றாக அடக்குகிறது என்று பதில் வந்தது. பின்னர் ஹோவர்ட் ஷேஃபர், சர்க்கரை வளையத்தின் ஒரு பகுதியையே நீக்கிவிட்ட மூலக்கூறுகளைக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்றே அசைக்ளோவிர்.

அது வைரஸை வெகுவாக அடக்கியது. ஆனால் நல்ல செல்லுக்கு ஏறக்குறைய ஒன்றும் நேரவில்லை. இது எப்படி? டி.என்.ஏ.வில் சேர வேண்டுமானால் அசைக்ளோவிருடன் மூன்று பாஸ்பேட்டுகள் ஒட்ட வேண்டும். நமது செல்லின் நொதிகள் முதல் பாஸ்பேட்டை ஒட்டுவதே இல்லை எனலாம். ஹெர்ப்பிஸ் வைரஸோ தைமிடின் கைனேஸ் என்ற சொந்த நொதியைத் தயாரிக்கிறது. அந்த நொதி ஏமாந்துபோய் முதல் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது! மற்ற இரண்டை நமது செல்லே ஒட்டுகிறது. இவ்வாறு தயாரான போலிச் செங்கல், வைரஸின் டி.என்.ஏ. சங்கிலியில் அமர்கிறது. அடுத்த செங்கல்லைப் பிடித்துக்கொள்ள அதில் இடமில்லை. சங்கிலி அங்கேயே அறுந்து நிற்கிறது. தாக்கப்பட்ட செல்லில் இந்த நஞ்சு நல்ல செல்லைவிட 40 முதல் 100 மடங்கு கூடுதலாக உண்டாகிறது. தன் நஞ்சைத் தானே கலக்கும் எதிரியை எங்கே காண்போம்?

1977இல் இந்த விவரங்கள் வெளியாயின. 1982இல் அமெரிக்காவில் மருந்து விற்பனைக்கு வந்தது. ஹெர்ப்பிஸ் மூளையைத் தாக்கினால், மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் இறந்தனர். அசைக்ளோவிர் அந்த எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது.

எலியன் 1983இல் ஓய்வு பெற்றார். எய்ட்ஸுக்கு முதல் மருந்தான ஏ.இசட்.டி.யை 1987இல் கொண்டுவந்தவர்களுள் அவருடைய குழுவினரும் அடங்குவர். 1988இல் ஹிட்சிங்ஸுடனும் ஜேம்ஸ் பிளாக்குடனும் நோபல் பரிசு பெற்றார். முனைவர் பட்டத்துக்காக மாலை வகுப்பில் படித்த காலத்தில், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்கச் சொன்னார்கள். அவர் பட்டத்தையே விட்டுவிட்டார். 1999இல் மறைந்தார்.

ஒரு குறை மட்டும் உண்டு. நரம்பில் உறங்கும் வைரஸ் தன் நொதியைத் தயாரிப்பதில்லை. ஆகவே அசைக்ளோவிர் அதை எட்டுவதும் இல்லை. உறங்கும் ஹெர்ப்பிஸை உடலிலிருந்து அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.