காயத்திற்குக் கட்சி இல்லை

போர் என்றால் அறமே புகாத இடம் என்று நம் முன்னோர் கருதவில்லை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் ஒன்பதாவதாக நிற்பது, கற்றோர் யாவரும் அறிந்ததே. அம்பு விடுமுன் ஆவும் அந்தணரும் பெண்டிரும் நோயாளரும் பிள்ளைப்பேறு இல்லாதாரும் காவலான இடம் தேடிக்கொள்ளட்டும் என்று முன்கூட்டியே அறிவிக்கும் அறநெறி அதிலே போற்றப்படுகிறது. அப்பட்டியலில் நோயாளரைச் சேர்த்த உள்ளம் பெரிய உள்ளம். அதை எண்ணி நாம் பெருமிதங் கொள்வது இயல்பே.

ஆனால், 1990களில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் இப்பாட்டை நான் படிப்பித்தபோது ஒரு மாணவி எழுந்து, “எழும்பி நடக்க ஏலாத வருத்தக்காரர் எங்கை போவினம், சேர்?” என்று கேட்டாள். நான் படித்த உரை எதிலும் அதற்கு விடை இல்லை. ‘போய்விடுங்கள்’ என்பது நடக்க வல்லாருக்கு மட்டுமே அறமாகும். நடக்க மாட்டாதவன் கிடக்கும் இடத்துக்கு அம்பு வராதிருத்தல் வேண்டும். அத்தகைய ஓர் இடத்தை மனிதர் எப்படி உண்டாக்கினர், எப்படி இழந்தனர், எப்படி மீட்டனர் என்பதே யாழ்ப்பாணக் குடாநாட்டின் போர்க்கால வைத்திய வரலாறு.

பண்டைத் தமிழகத்திலே புண்பட்ட வீரனுக்கு அவன் வீடே வைத்தியசாலை. வாயிலில் வேப்பிலை செருகி, வெண்கடுகு சிதறி, நறும்புகை காட்டி, யாழிசைத்துக் காஞ்சிப் பண் பாடிக் காத்த பெண்டிரை அரிசில்கிழார் பாட்டிலே காண்கிறோம். கண்ணீர் வருவிக்கும் காட்சிதான். எனினும் அப்பெண்டிர் காத்தது தம்மவனை. பகைவன் மேனியிலுள்ள புண்ணும் புண்ணே என்ற எண்ணம் உலகில் நிலைபெற நெடுங்காலம் சென்றது.

நெப்போலியனின் படையிலே வைத்தியராயிருந்த லாரே என்பவர், காயம்பட்டோரைப் பதவி நோக்காது, காயத்தின் கடுமை நோக்கியே முன்பின்னாக எடுக்க வேண்டும் என்று வகுத்தார். 1859இல் இத்தாலியின் சொல்பரினோப் போர்க்களத்தருகே ஹென்றி டுனான்ட் கண்ட காட்சி வேறொன்று. அயலிலிருந்த காஸ்டிலியோனே ஊர்ப் பெண்கள் தேவாலயத்தில் வைக்கோல் பரப்பி, எந்நாட்டுச் சிப்பாய் என்று கேளாமல், எல்லாரும் உடன்பிறப்புக்களே என்று கூறித் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர்ச் செம்பிலிருந்தே 1863இல் செஞ்சிலுவை இயக்கமும், 1864இல் முதலாவது ஜெனிவா உடன்படிக்கையும் பிறந்தன எனலாம். 1949இல் உருவான நான்கு உடன்படிக்கைகளில் இலங்கை 1959இல் இணைந்தது. உள்நாட்டுப் போராயினும் காயமுற்றோரையும் நோயாளரையும் சேகரித்துப் பராமரிக்க வேண்டும் என்பது அவற்றின் பொதுவான மூன்றாம் உறுப்புரை.

சட்டம் ஜெனிவாவிலிருந்து வந்தது. வைத்தியமோ இம்மண்ணில் அதற்கு முன்னரே வேரூன்றிவிட்டது. 1820இல் பண்டத்தரிப்பில் ஸ்கடர் வைத்தியப்பணி தொடங்கினார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து தொண்டாற்றி, 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரவைத்தியம் பற்றிய நூல் ‘இரணவைத்தியம்’ என்ற பெயரோடு 1867இல் வெளிவந்தது. அந்நிய நாட்டார் என்றோ ஒருநாள் திரும்பிப் போவார்; நோயாளியின் மொழி பேசும் வைத்தியன் இங்கேயே இருப்பான் என்பதைக் கிறீன் உணர்ந்திருந்தார். அவர் 1873இல் ஊர் திரும்பினார். அவரிடம் கற்றவர்கள் இங்கே நின்றார்கள். ஒரு நூற்றாண்டின் பின் குண்டு விழுந்த காலத்திலும் குடாநாட்டைத் தாங்கியது இந்த ‘நின்றவர்கள்’ என்னும் இனமே.

1850இல் தோன்றி, 1978இல் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலையானதை நம்மவர் பெரியாஸ்பத்திரி என்றே அழைப்பர். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். நகரைச் சுற்றிப் போர் மூண்டிருந்தது. ஆயுதம் தாங்கிய போராளிகள் சிலர் வளாகத்துள் நின்றமையையும், அவர்களை வெளியேறும்படி வைத்தியர்கள் வேண்டியதையும் ‘முறிந்த பனை’ பதிவு செய்திருக்கிறது. பின்னர் உட்புகுந்த இந்தியப் படையினரின் சூட்டில் நோயாளரும் ஊழியருமாக ஏறத்தாழ 70 பேர் மாண்டனர். மறுநாட் காலை, தாம் வைத்தியரும் தாதியருமே என்று உரத்துச் சொல்லிக் கைகளை உயர்த்தியபடி நடந்துவந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் சுடப்பட்டார். இருதரப்புச் சூட்டிடையே நேர்ந்த சாவுகள் என்றது இந்தியத் தரப்பு. உயிர்தப்பியோர் சாட்சியம் அதனை மறுக்கிறது.

இதிலிருந்து கற்க வேண்டியது யாது? கட்டில்களும் மருந்தும் கூடிய கட்டடம் தானாகவே அடைக்கல இடமாகிவிடாது. ஒரு துப்பாக்கி உள்ளே நுழைந்தாலே அதன் காவல் குலைகிறது. ஆயினும் உள்ளே துப்பாக்கி நின்றது என்பதற்காகக் கட்டிலிற் கிடப்பவனைக் கொல்லும் உரிமை எவருக்கும் பிறப்பதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லத் துணியாதவன் வைத்தியசாலையின் நண்பனல்லன். ஏதோ ஒரு கட்சியின் நண்பன்.

1990இல் போர் மீண்டும் மூண்டு, கோட்டைக்கு அண்மையிலிருந்த பெரியாஸ்பத்திரி எறிகணைகளால் இயங்க முடியாத நிலையை அடைந்தது. அவ்வாண்டிலேயே சர்வதேச செஞ்சிலுவைக் குழு அரசோடும் விடுதலைப் புலிகளோடும் பேசி, வைத்தியசாலையையும் அதன் சுற்றயலையும் காப்பு வலயமாக ஏற்கச் செய்தது. அவ்வலயத்துள் ஆயுதம் நுழையலாகாது. வெளியிலிருந்து அதனைத் தாக்கலாகாது. உயர்ந்த மதில் எதுவும் எழவில்லை. எழுந்தது ஒரு கொடியும் இருதரப்பாரின் வாக்குறுதியுமே. வாக்கு என்பது சுண்ணாம்பும் கல்லும் போலன்று. நாள்தோறும் புதிதாகக் கட்டப்பட வேண்டியது. படலையில் நிற்கும் காவலாளி ஆயுதத்தை வெளியே வைக்கச் சொல்லும் ஒவ்வொரு வேளையும் அது மறுபடி கட்டப்படுகிறது.

அவ்வாண்டு முதல் குடாநாட்டிற்குத் தேசிய மின்சாரம் இல்லை. எரிபொருளும் மின்கலங்களும் தடை. மருந்துகளும் அளவோடுதான் வந்தன. செஞ்சிலுவைக் கொடி பறந்த கப்பல் நோயாளரை ஏற்றிச் சென்றது. காயமுற்றோர் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் கதவுப் பலகையிலும் வந்து சேர்ந்தனர். மந்திகை ஆஸ்பத்திரியில் 1980களின் பிற்பகுதியிலிருந்து ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினர் உள்ளூர் ஊழியரோடு தோள்கொடுத்தனர்.

பலர் ஒருசேரக் கொண்டுவரப்படும்போது வைத்தியர் முதலிற் செய்வது சிகிச்சையன்று, தெரிவு. பெரிதாக அலறுபவன் காத்திருக்கலாம். சத்தமின்றிக் கிடப்பவனே முதலில் எடுக்கப்பட வேண்டியவனாயிருக்கலாம். இரத்தப் பெருக்கை அழுத்தி நிறுத்துதல், மூச்சுவழியைத் திறத்தல் ஆகியவற்றுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பழகிய கை வேண்டும். போர்க்காயத்துக்கு இன்னுமொரு விதி உண்டு. அதனை உடனே தைத்து மூடலாகாது. மண்ணும் துணியும் செத்த தசையும் நீக்கி, கழுவி, திறந்தபடியே கட்டி வைத்து, நான்கைந்து நாளின் பின் தூய்மை கண்டே தைப்பர். அழகாக மூடிய புண்ணின் உள்ளே நஞ்சு வளரும்.

1995 யூலை 9ஆம் நாள் நவாலி தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, காயமுற்றோர் மானிப்பாய் வழியே பெரியாஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் செம்மணி, நாவற்குழி வழிகளிலே மழையில் நடந்தனர். பெரியாஸ்பத்திரியின் பணி மந்திகைக்கு மாறியது. பிறர் எல்லாரும் தம் வீட்டுச் சாமான்களைக் கட்டிய இரவிலே, நோயாளரையும் மருந்துப் பெட்டிகளையும் கட்டி அனுப்பிய ஊழியர் சிலர் இருந்தனர். அவர்கள் பெயர்கள் எப்பாட்டிலும் ஏறவில்லை. சிற்றூழியர், தாதியர், அம்புலன்ஸ் சாரதியர், மின்பிறப்பாக்கியை இயக்கியோர் ஆகிய இவர்கள் இல்லையேல் சத்திரவைத்தியரின் கத்தி வெறும் இரும்பே.

நம் பாடசாலைகளில் முதலுதவி ஒரு பொழுதுபோக்குப் பாடமாகவே இன்றும் கருதப்படுகிறது. அதைக் கட்டாயமாகப் படிப்பித்தல் வேண்டும். அத்தோடு, காயமுற்றவனைக் கண்டால் ‘இவன் யாருடைய ஆள்?’ என்று கேளாதிருக்கும் பழக்கத்தையும் படிப்பித்தல் வேண்டும். முன்னது கைக்குரிய கல்வி, பின்னது நெஞ்சுக்குரியது. பின்னதே கடினமானது.

ஆண்டுதோறும் ஒக்டோபர் 21ஆம் நாள் பெரியாஸ்பத்திரி ஊழியர்கள் மாண்ட தம் தோழர்களின் படங்களுக்கு முன் விளக்கேற்றுகிறார்கள். பழையதைக் கிளறுவானேன் என்று சிலர் கேட்பதுண்டு. கழுவாமல் தைத்த புண் ஆறாது என்பது சத்திரவைத்தியரின் விதி; அது சமூகத்துக்கும் பொருந்தும். விளக்கேற்றிய கையோடு அவர்கள் தத்தம் விடுதிகளுக்குத் திரும்பிச் செல்கிறார்கள். அங்கே அன்று வந்து சேர்ந்த நோயாளர் காத்திருக்கிறார்கள்.