சோலைக்காட்டு மரம் நடத்தும் வேதியியல் பாடம்

பழனி மலையின் சோலைக்காடுகளில் நொத்தபோடைட்டிஸ் நிம்மோனியானா என்றொரு சிறு மரம் வளர்கிறது. பூத்தால் துர்நாற்றம் வீசும். அதனால் யாரும் அருகில் நிற்பதில்லை. ஆனால் ஒரு தாவரப்பொருள் எப்படி மருந்தாகிறது என்று கற்க விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

1966-இல் அமெரிக்காவின் மன்றோ வால், மன்சுக் வானி இருவரும் சீன மரமொன்றிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற மூலக்கூறைப் பிரித்தெடுத்தார்கள். அது புற்றுச் செல்களைக் கொன்றது. 1972-இல், சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய பின் பம்பாய் சீபா ஆய்வு மையத்துக்குச் சென்றிருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, என். விஸ்வநாதனுடன் சேர்ந்து அதே மூலக்கூறை நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த நொத்தபோடைட்டிஸ் மரத்தில் கண்டறிந்தார். சீன மரத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. அளவோ இதில் பல மடங்கு அதிகம்.

அது செல்லுக்குள் என்ன செய்கிறது? செல் பிரியும் முன் டிஎன்ஏ நகலாக வேண்டும். அப்போது இழைகளில் கயிறுபோல் முறுக்கு ஏறும். டோப்போஐசோமரேஸ் 1 என்ற நொதி ஓர் இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டும். கேம்ப்டோதெசின் அந்த வெட்டுவாயில் புகுந்து ஒட்டவிடாமல் தடுக்கிறது. நகலெடுப்பு அங்கே வந்து மோதும்போது டிஎன்ஏ முழுதாக அறுந்து செல் சாகிறது. இந்த இலக்கு தெரியவந்தது 1985-இல்தான்.

அதற்கு முன்பே மருந்து ஒருமுறை தோற்றிருந்தது. கேம்ப்டோதெசின் நீரில் கரையாது. எனவே 1970-களின் தொடக்கத்தில் அதைச் சோடியம் உப்பாக்கிக் கொடுத்தார்கள். மூலக்கூறில் லாக்டோன் என்ற வளையம் உண்டு. அது மூடியிருந்தால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும். உப்பாக்கியபோது வளையம் திறந்துகொண்டது, வீரியம் குறைந்தது. அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் வளையம் மீண்டும் மூடியதால் சிறுநீர்ப்பை புண்ணானது. சோதனைகள் நின்றன.

மருந்து வடிவமைப்பு என்ற கலை இங்கேதான் தொடங்குகிறது. வளையத்தைத் தொடாமல், மூலக்கூறின் மறுமுனையில் நீரை விரும்பும் அமீன் தொகுதி ஒன்றைச் சேர்த்தார்கள், டோப்போடெகான் பிறந்தது. உடலுக்குள் போன பிறகு நொதிகளால் உடைந்து வீரியம் பெறும்படி இரினோடெகானை அமைத்தார்கள். 1996-இல் முதலாவது சூலகப் புற்றுக்கும், இரண்டாவது பெருங்குடல் புற்றுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2019-இல் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகானில், கேம்ப்டோதெசின் வழிவந்த மூலக்கூறை எதிர்ப்புப் புரதம் ஒன்று சுமந்துபோய் மார்பகப் புற்றுச் செல்லில் சேர்க்கிறது.

கேம்ப்டோதெசின் மரத்தையே ஏன் கொல்வதில்லை? சீன மரத்தின் நொதியைச் சோதித்தபோது விடை கிடைத்தது. நச்சு பிடிக்கும் இடத்துக்கருகே ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் நச்சு அங்கே பிடிப்பதில்லை.

இந்த மூலக்கூறுக்காக மேற்குத் தொடர்ச்சி மலையின் பல இடங்களில் மரங்களை வெட்டித் தீர்த்திருக்கிறார்கள். மருந்தியல் படிக்க வரும் பிள்ளைகள் சோதனைக்குழாயோடு சோலையையும் அறிந்துகொள்ள வேண்டும். மூலக்கூறைத் திருத்த நமக்குத் தெரியும். அதைப் புதிதாகக் கற்பனை செய்தது காடுதான். சோலை அழிந்தால் நாம் இன்னும் பிரித்துப் பார்க்காத மருந்துகளும் அதோடு அழியும்.