சூலியா தெருவுக்கு வாஷிங்டன் எவ்வளவு தூரம்?

2025 ஏப்ரல் 3-ஆம் தேதி, விடியற்காலை நான்கு மணி. நோன்புப் பெருநாள் வாரம் என்பதால் ஊரே அடங்கிக் கிடந்தது. கூடத்தில் விளக்குகூடப் போடாமல் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாஷிங்டனில் அப்போது முதல் நாள் மாலை நான்கு. வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் அதிபர் டிரம்ப் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். வரிசையாக நாடுகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு எண்கள். மலேசியாவுக்கு 47, 24.

என் மனைவி அரைத்தூக்கத்தில் எழுந்து வந்தார். எங்கள் தலைமுறைக்கு அந்நேரத்தில் கைப்பேசி வெளிச்சம் என்றால் துக்கச் செய்திதான்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"மலேசியாவுக்கு 24 விழுக்காடு."

"போய்ப் படுங்க."

அந்த 47 எங்கிருந்து வந்தது என்பது அன்று மதியம்தான் விளங்கியது. நாம் அமெரிக்கப் பொருள்கள் மீது போடும் வரி என்று அட்டை சொன்னது. உண்மையில் அது ஒரு வகுத்தல் கணக்கு. 2024-இல் அமெரிக்கா நம்மிடம் வாங்கியது ஏறக்குறைய 5,250 கோடி டாலர் பொருள். நமக்கு விற்றதைக் கழித்துப் பார்த்தால் அவர்களுக்குத் துண்டு விழுவது 2,480 கோடி டாலர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 47 விழுக்காடு, அதில் பாதி 24. நாலாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் அதைக் கேட்டு நம் தீவில் எத்தனை பேர் தூக்கம் கெட்டோம்!

எனக்கு அமெரிக்க அரசியல் பல ஆண்டுகளாகவே ஒரு பைத்தியம். பென்சில்வேனியாவில் எந்த மாவட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்வேன். என் சட்டமன்றத் தொகுதியில் எத்தனை வாக்காளர்கள் என்று கேட்டால் விழிப்பேன். நேர வித்தியாசமும் வசதியாக அமைந்துவிட்டது. கோடையில் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம், குளிர்காலத்தில் பதின்மூன்று. அங்கே வாக்குப்பெட்டி மூடினால் இங்கே பசியாறும் நேரம்.

பசியாற நான் போவது சூலியா தெருவுக்கு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு அன்று வழங்கிய பெயர்தான் சூலியா. நாகூர் ஆண்டவர் பெயரில் எழுந்த தர்கா இன்றும் அந்தத் தெரு முனையில் நிற்கிறது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நாலு எட்டு தூரம். புத்தகக்கடை, தங்கும் விடுதி, நாசி கண்டார் கடை, நடுநடுவே நாணயம் மாற்றும் கடைகள்.

அப்படி ஒரு கடையின் உரிமையாளரை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். பாட்டனார் நாகூரிலிருந்து வந்தவர். கடை மூன்று ஆள் அகலம்கூட இருக்காது. கண்ணாடிக்குப் பின்னால் நானா, தலைக்கு மேல் விலைப்பலகை, பக்கவாட்டில் ஒலியைக் குறைத்து வைத்த தொலைக்காட்சி. அதில் எப்போதும் அமெரிக்கச் செய்தி ஓடும். 2025-இல் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த பவல் வட்டியைப் பற்றி வாய் திறந்தால் நானாவின் பலகையில் எண் அசைந்தது. டிரம்ப் பவலைத் திட்டினாலும் அசைந்தது.

"அத்தா காலத்துல இந்தத் தலைவலி இல்லை. அமெரிக்காக்காரனே நேர்ல வருவான்" என்பார் நானா. வியட்நாம் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்காகப் பினாங்குக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்த டாலரில் பாதி இந்தத் தெருவில்தான் மாறியது என்பது நானா குடும்பத்துக் கதை. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் 1966 அக்டோபரில் அதிபர் ஜான்சன் மலேசியாவுக்கு வந்ததும், நெகிரி செம்பிலானில் ஒரு ஃபெல்டா குடியேற்றத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டதும் வரலாறு. அதற்குப் பிறகு இன்னோர் அமெரிக்க அதிபர் நம் மண்ணில் கால் வைக்க 48 ஆண்டுகள் ஆயின. 2014-இல் ஒபாமா வந்தார்.

நானாவின் வாழ்க்கையில் நிம்மதியான காலம் ஒன்று உண்டு. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று அரசாங்கம் கட்டிப்போட்டது. 2005 ஜூலை 21 வரை அந்த எண் அசையவில்லை. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்ததும் ஈராக் போர் தொடங்கியதும் அதற்குள்தான். "டாலர் வரிசையில பலகையைத் துடைக்கிறதுதான் வேலை" என்று சிரிப்பார்.

இப்போது அப்படியில்லை. 2024 பிப்ரவரியில் டாலர் 4 வெள்ளி 80 காசை எட்டிப்பிடித்தது. 1998-க்குப் பிறகு நம் வெள்ளி அவ்வளவு விழுந்ததில்லை. 2025 நவம்பரில் டாலர் 4 வெள்ளி 20 காசுக்கும் கீழே வந்துவிட்டது.

இந்த இறக்கத்தின் முழு அர்த்தத்தையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எந்தப் பொருளாதார நிபுணரும் இல்லை. நான் பசியாறும் கடையில் தே தாரிக் ஆற்றும் தம்பி ஒருவர், சொந்த ஊர் திருப்பூர்ப் பக்கம். மாதம் ஆயிரம் வெள்ளி வீட்டுக்கு அனுப்புகிறார். 2024 பிப்ரவரியில் அந்த ஆயிரம் வெள்ளி ஊரில் பதினேழாயிரம் ரூபாய்ச் சொச்சமாகப் போய்ச் சேர்ந்தது. 2025 நவம்பரில் இருபத்தோராயிரம். வியர்வை அதே வியர்வைதான், கூடுதலாக நாலாயிரம் ரூபாய். வெள்ளி ஏறியது ஒரு காரணம், ரூபாய் விழுந்தது இன்னொரு காரணம்.

"நல்லதுதானே தம்பி?" என்றேன்.

"நல்லதுதாண்ணே. ஆனா தம்பிக்கு ஷிப்ட் இல்லையே."

அவருடைய தம்பிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. 25 விழுக்காடு ஏற்கெனவே போட்டது, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக இன்னொரு 25. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. வரி வந்ததும் அங்கிருந்து வரவேண்டிய ஆர்டர்கள் நின்றன. அண்ணன் அனுப்பும் பணத்தைக் கூட்டிக் காட்டிய அதே வாஷிங்டன், தம்பியின் வாரக்கூலியைக் குறைத்துவிட்டது. இரண்டு வரவும் ஒரே அடுப்புக்குத்தான். கூடியது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்று கேட்டேன். கோப்பையிலிருந்து கோப்பைக்குத் தேநீரை உயர்த்தி ஊற்றியபடியே, "அம்மாகிட்டதான் கேக்கணும்ணே" என்றார்.

அவர் அமெரிக்கச் செய்தி பார்க்கிறார். ஆனால் என்னைப் போல இல்லை. வரியில் மாற்றம் உண்டா, இல்லையா, அவ்வளவுதான். பார்த்துவிட்டுக் கைப்பேசியைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிடுவார்.

இனி என் வீட்டுக் கதை.

என் அக்கா மகள் பயான் லெப்பாஸில் ஒரு சிப் ஆலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை 1969-இல் இழந்தது. அதற்கு மூன்றாண்டு கழித்து, முதல்வர் லிம் சோங் இயூ காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் பயான் லெப்பாஸுக்கு வந்தன. இன்டெல் வந்தது 1972-இல். அமெரிக்காவில் செய்த பாகத்தை இங்கே கொண்டுவந்து பொருத்தித் திருப்பி அனுப்பினால், இங்கே கூடிய மதிப்புக்கு மட்டும் வரி என்று அன்றைய அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. வாஷிங்டனில் யாரோ எழுதிய அந்த ஒரு விதியும் சேர்ந்துதான் நம் வீட்டுப் பெண்களைத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏற்றியது. என் அக்காவும் அதில் போனவர்தான். இப்போது மகள்.

ஏப்ரல் அட்டையில் 24 என்று பார்த்ததும் நான் கூப்பிட்டது அவளைத்தான். இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். "மாமா, ஓவர்டைம் பட்டியல்ல என் பேரு இருக்கு. இப்போதைக்கு எனக்கு அதுதான் செய்தி" என்றாள். சிப்புகளுக்கு அன்றைய வரியிலிருந்து விலக்கு இருந்தது பிறகுதான் தெரிந்தது. அவள் பதற்றப்படாதது சரிதான்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஜூலையில் 24 என்பது 25 ஆகி, ஆகஸ்டில் 19-க்கு இறங்கியது. ஒவ்வோர் எண்ணுக்கும் குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். சிலர் கட்டைவிரல் காட்டினார்கள், சிலர் கேட்காமலே விட்டார்கள். அவளும் அவள் கணவரும் அந்த மாதம்தான் சுங்கை ஆராவில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்து முடித்திருந்தார்கள். நாலு லட்சம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. பள்ளிக்கூடம் பக்கம், ஆலைக்குப் பத்து நிமிடம். ஆகஸ்டு 9, சனிக்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு.

அந்த வியாழக்கிழமை விடியற்காலை டிரம்ப் சிப்புகளுக்கு ஏறக்குறைய 100 விழுக்காடு வரி என்று அறிவித்தார். அமெரிக்காவில் ஆலை கட்டும் நிறுவனங்களுக்கு மட்டும் விலக்காம்.

நான் உடனே கூப்பிட்டேன். "கொஞ்சம் பொறு. வேலையே இருக்குமோ இருக்காதோ, முப்பத்தைந்து வருஷக் கடனா?" என்றேன். அரை மணி நேரம் பேசினேன். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம், கோர்வையாகத்தான் பேசினேன். அவள் பொறுத்தாள். அடுத்த வாரமே வேறொருவர் முன்பணம் கட்டிவிட்டார்.

2025 நவம்பர் வந்தது. அந்த 100 விழுக்காடு அப்போதும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.  அதே கட்டடத்தில் அப்போது ஒரு வீட்டுக்கு இருபதாயிரம் வெள்ளி கூடக் கேட்டார்கள்.

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்தாள், முறுக்கு சாப்பிட்டாள். முறுக்கு டின் காலியாகுமுன்பே, அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை டிரம்ப் கோலாலம்பூரில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் நடனக் குழுவோடு அவர் கை ஆட்டி ஆடியதை எல்லாரும் பார்த்துச் சிரித்தோம். அன்றே பிரதமர் அன்வாரும் அவரும் வாணிப உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 19 விழுக்காடு அப்படியே நின்றது, ஒரு பட்டியல் பொருள்களுக்கு மட்டும் வரி நீங்கியது. குழுவில் எல்லாரும் என் குரல் பதிவுக்குக் காத்திருந்திருப்பார்கள். நான் எதுவும் போடவில்லை.

நானாவிடம் இந்த வீட்டுக் கதையைச் சொன்னேன். அவர் நாற்பது ஆண்டாக அமெரிக்கச் செய்தி பார்ப்பவர், என்னைவிட அதிகம் பார்ப்பவர். "நான் பலகையில இருக்கிற எண்ணுக்குத்தான் வியாபாரம் பண்றேன் தம்பி. நாளைக்கு என்ன எண்ணுன்னு கேட்டு வர்றவனுக்குப் பக்கத்துக் கடையைக் காட்டிருவேன்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தேழுல நானும் ஒருத்தனுக்குச் சொன்னேன். அதுக்கப்புறம் சொல்றதில்லை" என்றார். யாருக்கு, என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 5-ஆம் தேதி, புதன்கிழமை. காலை பதினொன்றுக்கு முன்பே நியூயார்க் மேயர் தேர்தல் முடிவு தெரிந்துவிட்டது. கம்பாலாவில் பிறந்த, இந்திய வம்சாவளி முஸ்லிம் ஸோரான் மம்தானி வென்றார். சூலியா தெருவில் அன்று அதுதான் பேச்சு. கழுத்தில் அலுவலக அட்டையோடு நான்கு இளைஞர்கள் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் அவருடைய வாடகைத் திட்டத்தை அலசினார்கள். காஸா விஷயத்தில் அவர் என்ன சொன்னார், ஏன் வென்றார் என்றெல்லாம் விவரமாகப் பேசினார்கள்.

நானாவின் நண்பர், எழுபதைத் தாண்டியவர், தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்: "நம்ம ஊர் முதல் மேயர் யாருன்னு தெரியுமா தம்பிகளா?"

தெரியவில்லை. எனக்கும் ஒரு நொடி பிடித்தது. டி.எஸ். இராமநாதன். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது முதல் மேயர், தமிழர். அவர் பெயரில் தீவில் ஒரு சாலையே இருக்கிறது. அன்று இந்த ஊர் மக்கள் நகர மன்றத்துக்கு வாக்களித்தார்கள். 1965-இல் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தி வைக்கப்பட்டது, பிறகு நடக்கவே இல்லை. "வாடகையைப் பத்தி நாமளும் ஓட்டுப் போட்டவங்கதான்" என்று பெரியவர் எழுந்து போனார். இளைஞர்களில் ஒருவர் உடனே கைப்பேசியில் அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தார்.

அன்று இரவு பதினொரு மணிக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வரி வழக்கு விசாரணை. இந்த வரிகளைப் போட அதிபருக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி. நேரலையில் குரல் மட்டும் கேட்கலாம். காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், பழக்கம் விடுமா? பத்து நிமிடம் ஆகியிருக்கும், அக்கா மகள் கூப்பிட்டாள்.

"தூங்கலையா மாமா? நினைச்சேன். சனிக்கிழமை ரெலாவ்ல ஒரு வீடு பார்க்கப் போறோம்."

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "பத்து மணிக்கு வண்டி எடுத்துட்டு வரோம் மாமா. அத்தையை மட்டும் ரெடியா இருக்கச் சொல்லுங்க."