கறுப்புத் திரையில் மீண்ட ‘99 வெள்ளம்’

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் என் தாய்மாமா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மூணாறு எஸ்டேட் லயங்களில் வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு, ‘99 வெள்ளம்’ பற்றி 2001இல் ஒரு நீண்ட கட்டுரையைக் கம்ப்யூட்டரில் தாமே அடித்து வைத்திருந்தார். விவரம் சொன்ன பெரியவர்களில் இன்று ஒருவரும் இல்லை.

வெளியூர் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: 99 என்பது கொல்லம் ஆண்டு 1099. ஆங்கிலக் கணக்கில் 1924 ஜூலை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய சின்ன ரயில் அந்த மழையோடு போனதுதான். பிறகு வரவே இல்லை.

நம் மலருக்காக அந்தக் கட்டுரையைக் கேட்டேன். மாமா அனுப்பிய கோப்பைத் திறந்தால், தலையில் புள்ளியும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்! இரண்டு கடைகளில் காட்டினேன். “கெட்டுப்போச்சு சார், திரும்ப அடிக்க வேண்டியதுதான்” என்றார்கள். எதைப் பார்த்து அடிப்பது? காகிதப் பிரதி கரையானுக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

வழி காட்டியவள் என் மகள். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் பாடமாக இருப்பது தெரிந்ததே. வீட்டுப் பழைய மடிக்கணினியிலும் அதைத்தான் போட்டிருக்கிறாள். படமும் பொத்தானும் இல்லாத கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, “அப்பா, தாத்தா இதை எதில் அடிச்சாங்க?” என்று கேட்டாள். மாமாவுக்குப் போன் போட்டோம். “முரசு அஞ்சல்மா” என்றார்.

அப்படியானால் ‘திஸ்கி’யாக இருக்கலாம் என்று தேடிக் கண்டுபிடித்தாள். யூனிகோடு நம்மிடையே பரவுமுன், 1990களின் கடைசியில், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து வகுத்த எழுத்துக் குறியீடு அது. அதை யூனிகோடாக மாற்றும் கருவி லினக்ஸுக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருக்கிறது! அதன் பெயர் ஐ-சி-ஓ-என்-வி. நமச்சிவாய போல இதுவும் ஐந்தெழுத்து. ஒரே வரி அடித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் முழுக் கட்டுரையும் தமிழில் நின்றது. கோப்பின் அளவு மட்டும் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தது. திஸ்கியில் ஓர் உருவுக்கு ஒரு பைட். இங்கே ஒவ்வொரு குறிக்கும் மூன்று.

அதோடு விட்டாளா? ‘கிரெப்’ என்று ஒரு கட்டளை. கேட்ட சொல் வரும் வரிகளை மட்டும் பொறுக்கித் தரும். ‘வெள்ளம்’ என்று கேட்டோம். நான்கே வரிகள். இவ்வளவு பெரிய கட்டுரையில் நான்குதானா? பிறகுதான் உறைத்தது: ‘வெள்ளத்தில்’, ‘வெள்ளத்தோடு’ என்று வேற்றுமை ஏறினால் மகர ஒற்று ஓடிவிடுகிறதே! ‘வெள்ள’ என்று மட்டும் கேட்டதும் வரிகள் கொட்டின. நடுவே அழையாமல் வந்து நின்றார் ஒரு வெள்ளைக்காரத் துரை!

‘ளை’ எப்படி ‘ள’வில் அகப்பட்டது? யூனிகோடில் ‘ள’ தனி, ஐகாரக் குறி தனி. ‘வெள்ளை’யின் முன்பாதி ‘வெள்ள’தான். சந்தேகம் தீர, எண்ணிச் சொல்லும் ‘டபிள்யூ-சி’ கட்டளையிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தோம். ஐந்து என்றது. மூன்றெழுத்து என்று மேடைதோறும் முழங்குகிறோம். கம்ப்யூட்டருக்கு மகரத்தின் இகரக் குறியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனி உருப்படிகள்.

மாமாவுக்குச் செய்தி சொன்னதும் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், “அதில் ஒற்றுப்பிழை நிறைய இருக்குமே, மாப்பிள்ளை! திருத்தாமல் அச்சுக்குக் கொடுத்துவிடாதே” என்றார். திருத்தி முடித்ததும் கட்டுரை நம் மலரில் வரும்.

பழைய கோப்பு வைத்திருக்கும் அன்பர்கள் எந்த எழுத்துருவில் அடித்தது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளவும். பாமினி போன்றவற்றில் அடித்திருந்தால் இந்த ஐந்தெழுத்து பலிக்காது. அதற்கு வேறு மாற்றிகள் இருக்கின்றன.