பரங்கிக்காய்ப் பாயசம்: எதைக் குறைக்கலாம்?

‘காய்தானே, உடம்புக்கு நல்லது’ என்று சொல்லிக்கொண்டேதான் பரங்கிக்காய்ப் பாயசத்தில் இரண்டாவது கிண்ணத்தைக் காலி செய்கிறோம். காயைப் பற்றி அப்படிச் சொன்னால் சரி. 100 கிராம் பரங்கிக்காயில் 26 கலோரிதான். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கூடச் சேருகிற கூட்டாளிகள்தான் சரியில்லை.

நாலு பேருக்கு அரை லிட்டர் ஆரஞ்சு பாக்கெட் பால், 200 கிராம் கன்டென்ஸ்டு மில்க் (அதில் பாதிக்கு மேல் சர்க்கரை), போதாதென்று 50 கிராம் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி நெய், ஒரு கைப்பிடி முந்திரி. கூட்டிப் பார்த்தால் ஒரு கிண்ணமே 450 கலோரியைத் தாண்டும். ஏழெட்டு இட்லி!

இத்தனையும் எதற்கு? அந்தக் கெட்டிப் பதத்துக்கு. அது காயிலேயே இருக்கிறது. நன்றாக முற்றி, உள்ளே ஆரஞ்சு நிறமேறிய பரங்கியாக அரை கிலோ வாங்குங்கள். தண்ணீரில் போடாமல் ஆவியில் வேகவைத்து, கீரை மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அரைத்தால் கூழாகிவிடும். மத்தில் கடைந்தால் அங்கங்கே நார் தட்டுப்படும், அதுதான் ருசி. இரண்டு தேக்கரண்டி நெய்யில் அந்த விழுதைச் சுருளக் கிளறி, 400 மில்லி நீல பாக்கெட் பாலும், ஊறவைத்து அரைத்த எட்டு முந்திரியும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். இறக்கிச் சற்று ஆறிய பிறகே 60 கிராம் வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி ஊற்ற வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் பால் திரிந்துவிடும். ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. ஒரு கிண்ணம் 200 கலோரிக்குள் அடங்கிவிடும்.

நெய்யை அடியோடு விட்டுவிடாதீர்கள். கொஞ்சமாவது கொழுப்பு சேர்ந்தால்தான் பீட்டா கரோட்டின் உடம்பில் ஒட்டும். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றினால் எடை ஏறாது என்று சிலர் நினைக்கிறார்கள். ருசிக்காக ஊற்றுங்கள், தப்பில்லை. ஆனால் முதல் பாலில் இருக்கும் கொழுப்புக்குப் பக்கத்தில்கூட ஆரஞ்சு பாக்கெட்டின் 6 சதவீதம் நிற்காது.

வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ‘வெல்லம் போட்டதுதானே’ என்று சர்க்கரை நோயாளிகள் இரண்டாவது கிண்ணத்துக்குக் கை நீட்ட வேண்டாம்.