மூடியைத் திறங்க சார்!

மதியம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. எந்த ஆபீஸுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அதுவரை கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தவர்கள் சுவர்க் கடிகாரத்தை முறைக்க ஆரம்பித்திருப்பார்கள். ஒருத்தர் கை கழுவ எழுந்திருப்பார். அவரைப் பார்த்து இன்னொருத்தர். சரியாக ஒரு மணிக்கு 'டக்... டக்... டக்...' என்று எவர்சில்வர் டப்பா திறக்கிற சத்தம். இன்க்ரிமென்ட் லெட்டர் கவரைக் கிழிக்கிற சத்தம்கூட அதற்கு அடுத்தபடிதான்.

"இன்னிக்கு என்ன?"

பதில் தெரிய வேண்டும் என்ற நிஜமான ஆவலோடு ஆபீஸில் கேட்கப்படும் ஒரே கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

2012-ல் நான் அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அலுவலகத்தில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தேன். (பி.காம். படித்தவனுக்கு வேறு என்ன பிரிவு கொடுப்பார்கள்?) மேலே ஏ.சி. போட்ட சாப்பாட்டு அறை. ஆறு பேர் உட்காருகிற மேஜை. எட்டுப் பேர் உட்காருவோம். காலேஜில் மூன்று வருஷம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த டபுள் என்ட்ரி எனக்குப் புரிந்தது அந்த மேஜையில்தான். எடுத்தால் கொடுக்க வேண்டும். ஒரு ஸ்பூன் உருளைக்கிழங்கு வறுவல் டெபிட் ஆனால், நம் டப்பாவிலிருந்து அரை அப்பளமாவது கிரெடிட் ஆக வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து மெஸ் பார்சலும் பசியுமாக வருகிற இரண்டு பையன்களுக்கு மட்டும் விலக்கு. அவர்கள் கணக்கு வாராக் கடன். மாதக் கடைசியில் மொத்தமாகத் தள்ளுபடி.

யார் எந்த ஊர் என்று கேட்கவே வேண்டாம். மூடியைத் திறந்தால் போதும்.

கோயமுத்தூர் பையன் ஒருநாள் மஞ்சளாக, குழைவாக ஒன்று கொண்டுவந்தான். "சாம்பார் சாதமா தம்பி?" என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க சார்... சாம்பார் சாதத்துல புளி இருக்குமுங்க. இதுல புளியே கிடையாது. அரிசியும் பருப்பும் ஒண்ணாப் போட்டு வேகோணும்."

துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம். அவ்வளவுதான் விஷயம். மேலே ஒரு கரண்டி நெய். கொங்கு நாட்டில் சமைக்க நேரமில்லாத நாளில் செய்கிற சாப்பாடு அது. நேரமிருந்தாலும் இதையே செய்யலாமே என்று எங்களுக்குத் தோன்றியது.

திருநெல்வேலி அக்கா உளுந்தஞ்சோறு கொண்டுவருவார். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். முதல் தடவை அந்தக் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்து மேன்ஷன் பையன், "அரிசியைக் களையலையாக்கா?" என்றான். அன்றைக்கு அவனுக்குப் பங்கு கிடைக்கவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டு இரண்டு பங்கு வாங்கினான்.

ஆனால் மேஜையின் தலைவர் கும்பகோணத்து சார்தான். ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம். சர்வீஸ் முழுக்கத் தயிர் சாதம். அதை அப்படிச் சொன்னால் கோபம் வரும்.

"தயிர் சாதம்னு யார் சொன்னா? காத்தால நான் வீட்டுலேர்ந்து கொண்டுவர்றது பால் சாதம். ஒரு மணிக்குத்தான்யா அது தயிர் சாதம் ஆகும்!"

இதில் ஒரு தொழில்நுட்பமே இருக்கிறது. காலையிலேயே தயிரை ஊற்றிப் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துப் பல் கூசும். அதனால் சாதத்தைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்ற வேண்டும். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர். அந்த ஸ்பூனில் இருக்கிற பாக்டீரியாக்கள் பஸ்ஸில் வரும்போதும், அட்டெண்டன்ஸ் போடும்போதும், மேலதிகாரி திட்டும்போதும் ஓய்வில்லாமல் வேலை செய்து, பாலைத் தயிராக்கிக்கொண்டே இருக்கும். (செக்‌ஷனில் அப்படி வேலை செய்த ஒரே கோஷ்டி.) ஒரு மணிக்குத் திறந்தால், உறைந்தும் உறையாமலும், புளிப்பே இல்லாமல்... மார்கழிக் குளிரில் கூடுதலாக அரை ஸ்பூன். மோர்மிளகாய் தனியாகக் காகிதத்தில் மடித்து வரும். சாதத்தின் மேல் வைத்தால் ஊறி நமுத்துவிடும்.

நானும் வீட்டில் செய்தேன். அவசரத்தில் கொதிக்கிற பாலிலேயே தயிரைப் போட்டுவிட்டேன். சூட்டில் பாக்டீரியாக்கள் எல்லாம் காலி. மதியம் மூடியைத் திறந்தால் திரிதிரியாகப் பால் சாதம்! சார் எட்டிப் பார்த்துவிட்டு, "உன்னோடது நாலு மணிக்குக் கூட ஆகாது" என்றார்.

மதுரைக்காரன் ஒருத்தன் இருந்தான். எதைச் சாப்பிட்டாலும் 'ரெண்டாயிரம் வருஷப் பாரம்பரியம்' என்பான். ஒருநாள் உருளைக்கிழங்கு சாம்பாரைப் பார்த்தும் அதையே சொல்ல, சார் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூணும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1498-ல வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுல வந்து இறங்கின அப்புறம்தான் இதெல்லாம் ஒண்ணொண்ணா இந்தப் பக்கம் வந்தது. அதுவரைக்கும் காரத்துக்கு மிளகுதான். பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான்லேர்ந்து வர்றது."

"அப்ப சாம்பார்ல நம்மளது என்னதான் சார் இருக்கு?"

"துவரம்பருப்பும் கறிவேப்பிலையும். அதையும் நீ தட்டு ஓரத்துல ஒதுக்கி வெச்சிருக்கே!"

(சார் சொன்னபோது இந்தியாவில் பெருங்காயச் செடி வளர்ப்பு கிடையாது. 2020-ல்தான் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் முதன்முதலாக நட்டார்கள்.)

இவ்வளவு சந்தோஷமான மேஜையில் ஓர் இடம் காலியானது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

டெஸ்பாட்ச் பிரிவில் ஓர் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். ஆரம்பத்தில் எங்களோடுதான் சாப்பிடுவார். அவர் டப்பாவில் சாளை மீன் குழம்பு இருந்தால் அன்றைக்கு மேஜையில் இடநெருக்கடி. நானே எத்தனை துண்டு எடுத்திருக்கிறேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. சைவக்காரர்கள் மேஜையின் அந்தக் கோடி, நாங்கள் இந்தக் கோடி. நடுவில் அப்பளம். ஒரு தகராறும் கிடையாது.

2013-ல் ஒருநாள், ஏ.சி. அறையில் வாடை அடிக்கிறது என்று மேலிடத்தில் யாரோ மூக்கைச் சுளித்தார்கள். மறுநாள் சர்க்குலர். 'சாப்பாட்டு அறைக்குள் அசைவ உணவு கொண்டு வருவதைத் தவிர்க்கவும்.'

டைப் அடித்தவன் நான்தான்.

ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை படித்துப் பார்த்தேன். இது யாருக்கு என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. லேமினேட் செய்து, செலவுக்கு வவுச்சர் போட்டு, நானே நோட்டீஸ் போர்டில் குத்தினேன். அப்புறம் ஒரு வாரம் முட்டை சைவமா அசைவமா என்று விவாதம் நடந்தது. மதுரைக்காரன் சத்தமில்லாமல் எலுமிச்சை சாதத்துக்கு மாறினான். நானும் அம்மாவிடம் ஆம்லெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி மட்டும் மேலே வருவதில்லை. கேட்டால், "நான் அப்பமே சாப்பிட்டுட்டேன் தம்பி" என்பார். நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்க மதியம் ஒன்றேகாலுக்கு டெஸ்பாட்சுக்குப் போனேன். ஆள் இல்லை. வாட்ச்மேன் பின்பக்கம் கை காட்டினார். டூ வீலர் ஷெட். ஜெனரேட்டர் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டு, அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு, கத்திரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. என்னைப் பார்த்ததும் அவர் சங்கடப்படவில்லை. நான்தான்.

"வாங்க தம்பி. சாப்டாச்சா?" என்றபடி டப்பா மூடியைத் திருப்பி, அதில் இரண்டு நெத்திலியும் ஒரு கத்திரிக்காய்த் துண்டும் வைத்து நீட்டினார்.

டைப் அடித்த அதே விரல்களால் வாங்கிச் சாப்பிட்டேன். சொன்னால் நம்புங்கள், குழம்பு பிரமாதம்.

மேலே வந்து மேஜையில் சொன்னேன். யாரும் பேசவில்லை. கும்பகோணத்து சார் லேசாகச் செருமிவிட்டு, இந்த வருஷம் மாவடு விலை ஜாஸ்தி என்று வேறு எதையோ ஆரம்பித்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் ஒரு மணிக்கு அவர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"எங்க சார்?"

"கீழே நன்னா காத்து வர்றது."

டூ வீலர் ஷெட்டில் டீசல் வாசனைதான் வரும். நாங்கள் பின்னாலேயே போனோம். சார் பேப்பரை விரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, கருவாட்டு வாசனை எனக்குக் கொஞ்சமும் ஆகாது. காத்து எந்தப் பக்கம் அடிக்கறதுன்னு பார்த்துண்டு எதிர்ப்பக்கமா உட்கார்றேன். நீங்க சாப்பிடுங்கோ" என்றார். அண்ணாச்சி ஒரு விநாடி பார்த்தார். பிறகு அட்டைப் பெட்டியில் பாதியை அவர் பக்கம் தள்ளினார். மோர்மிளகாய் இந்தப் பக்கம் போனது. காகிதத்தில் தனியாக மடித்திருந்த பச்சைச் சின்ன வெங்காயம் அந்தப் பக்கம் வந்தது. டபுள் என்ட்ரி!

அந்த வாரக் கடைசியில் எட்டுப் பேரும் ஷெட்டில். கருவாட்டைப் பற்றி அண்ணாச்சி பாடமே நடத்தினார். மீன் கெடுவதற்கு அதில் இருக்கிற தண்ணீர்தான் வழி. உப்பும் வெயிலும் சேர்ந்து தண்ணீரை இழுத்துவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். ஏப்ரல் 15 முதல் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது 45 நாள், 2017-லிருந்து 61 நாள். "மீன் வரத்து கொறஞ்சா, கருவாடு இருக்குல்லா?" என்பார். சமைப்பதற்கு முன் வெந்நீரில் ஊறப்போட்டு, தலையைக் கிள்ளி, மண் போக நாலு தண்ணீர் அலச வேண்டும். குழம்புக்கு உப்பைக் கடைசியில்தான், அதுவும் ருசி பார்த்துவிட்டு. முதலிலேயே போட்டால் அந்தக் குழம்பைக் கடலுக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

மேலதிகாரி, சாப்பாட்டு அறை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று விசாரித்தார். "ஏ.சி. ஒத்துக்கலை சார்" என்றோம், எட்டுப் பேரும்.

ஐப்பசி மழை வந்தது. ஷெட் ஒழுக ஆரம்பித்தது. அண்ணாச்சி, "நீங்கள்லாம் மேல போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். கும்பகோணத்து சார் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சர்க்குலரை இரண்டு தடவை படித்தார்.

"'சாப்பாட்டு அறைக்குள்'னுதானே போட்டிருக்கு? டெஸ்பாட்ச் ரூமைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே! யார்யா இதை டிராஃப்ட் பண்ணினது?"

ஒழுங்காக எழுதாததற்காக வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குக் கைதட்டல் கிடைத்தது. அன்றிலிருந்து டெஸ்பாட்ச் ரூம், பார்சல் கட்டுகளுக்கு நடுவில். சர்க்குலரை யாரும் வாபஸ் வாங்கவில்லை. அது பாட்டுக்கு லேமினேஷன் பளபளப்போடு போர்டில் தொங்கியது. அந்தத் தீபாவளிக்கு அண்ணாச்சி ஊரிலிருந்து மக்ரூன் கொண்டுவந்து மேலே இருக்கிறவர்களுக்கும் கொடுத்தார். என்ன சரக்கு என்று கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. சார் கேட்டுவிட்டுக் கும்பிட்டு நகர்ந்துவிட்டார். மேலதிகாரி கேட்கவே இல்லை. சாப்பாட்டு அறைக்குள் உட்கார்ந்து மூன்று சாப்பிட்டார்.

2016-ல் நான் அந்த வேலையை விட்டேன். இப்போது வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியச் சாப்பாடு எனக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் மட்டும். சார் ரிட்டயராகிக் கும்பகோணம் போய்விட்டார். அண்ணாச்சியும் ஊரோடு போய்விட்டார். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை தூத்துக்குடியிலிருந்து கூரியர் வரும். மேலே மக்ரூன் டப்பா. அதற்கு அடியில் மூன்று சுற்று பாலிதீன் கவருக்குள் நெத்திலி.

போன தடவை போன் செய்து கேட்டேன். "கூரியர்ல உள்ள என்ன இருக்குன்னு எழுதினீங்க அண்ணாச்சி?"

"மக்ரூன்னுதான் தம்பி. மத்ததையும் சேத்து எழுதினா அவனும் ஒரு சர்க்குலர் போட்டுருவாம்லா?"

மக்ரூனிலும் லேசாக நெத்திலி வாசனை இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. முழு டப்பாவையும் அன்றைக்கே காலி செய்துவிட்டேன்.