தட்டும் டம்ளரும் தனி எதற்கு?

கணவர் மூலம் எச்.ஐ.வி. வந்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் முதலில் தனியாவது தட்டும் டம்ளரும்தான். அப்புறம் சோப்பு, பாய், துணி துவைக்கும் வாளி! "குழந்தைங்க இருக்கிற வீடு பாரும்மா" என்று காரணம் வேறு. எச்சில் டம்ளராலோ, கொசுக்கடியாலோ, ஒரே கழிப்பறையாலோ இது பரவாது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமியே தெரியாத அளவுக்கு அடங்கி, அப்படியே நீடித்தால் தாம்பத்யத்தில்கூடப் பரவுவதில்லை. டம்ளரில் எங்கே பரவும்?

மருந்துக்குக் குறையில்லை. 2004-ல் தாம்பரம் அரசு ஆஸ்பத்திரி உள்பட சில இடங்களில் இலவசமாகத் தொடங்கி, இப்போது மாவட்டங்களிலும் கிடைக்கிறது. அதை மறைத்துச் சாப்பிடுவதுதான் பெரும்பாடு. தினமும் தவறக்கூடாது. கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் டப்பாவைத் திறந்தால், "என்ன மாத்திரை அது?" என்று யாராவது கேட்காமல் இருப்பார்களா? 'தைராய்டு', 'சத்து மாத்திரை' என்று சமாளிக்க வேண்டியிருக்கிறது. டப்பா குலுங்கும் சத்தத்துக்கே பயப்படுகிறவர்கள் உண்டு. பயத்தில் சிலர் அன்றைக்கு விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி அப்படி விட்டால் மருந்துக்குக் கிருமி கட்டுப்படாமல் போய்விடும். நம் கேள்வி எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்!

2017-ல் எச்.ஐ.வி. சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் அமலானது. அதன்படி, குடியிருக்கும் வீட்டிலிருந்து இவர்களை வெளியேற்றக்கூடாது. வீட்டின் எந்தப் பகுதியிலும் ஒதுக்கக்கூடாது. அங்குள்ள வசதிகளை மற்றவர்களைப் போலவே அனுபவிக்கலாம். சமையலறையும் வீட்டில் சேர்த்திதானே, மாமியார்களே?

விவரம் கேட்க 1097-க்கு போன் செய்யலாம். கட்டணம் கிடையாது.

- ஒரு வாசகி, திண்டுக்கல்